தனிம அட்டவணையில் ஹைட்ரஜனின் இடம்: ஒரு வகைப்பாட்டுத் திறனாய்வு

1. தோற்றுவாய்

பொருள்களை இனம் பிரித்து முறைப்பட வைத்தல் அறிவுத்துறை அனைத்திற்கும் பொதுவான தொழில். எழுத்தை முதல் என்றும் சார்பு என்றும், சொல்லைப் பெயர் என்றும் வினை என்றும் பகுத்த இலக்கண நூலார்க்கும், தனிமங்களைத் தொகுதி என்றும் தொடர் என்றும் பகுத்த வேதியியலார்க்கும் இத்தொழில் ஒன்றே. ஒரு வகைப்பாட்டின் தகுதியை அதன் விதிக்கு எளிதின் அடங்கும் பொருள்களைக் கொண்டு அளத்தல் இயலாது. அடங்காத பொருளை அது எங்ஙனம் நடத்துகின்றது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். இக்கருத்தை உட்கொண்டு, தனிம வரிசை அட்டவணையின் முதற்கட்டத்தில் நிற்கும் ஹைட்ரஜனின் இடத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வேதியியலார்க்கு உரிய பொருளைத் தமிழ்த்துறை ஏட்டில் ஆராய்வது என்னை எனின், கூறுதும். ஹைட்ரஜனின் இடம் பற்றிய வழக்கு அதன் இயல்பை அறியாமையால் எழுந்ததன்று. அதன் நிறை, அதன் எலக்ட்ரான் அமைப்பு, பிற தனிமங்களோடு அது கூடும் முறை ஆகியன பெரிதும் அறியப்பட்டுள்ளன. அறிந்த இயல்புகளுள் எதனை இனத்திற்கு அடிப்படையாகக் கொள்வது என்பதே எஞ்சி நிற்கும் வினா. அது வகைப்பாட்டு முறை பற்றிய வினா ஆகலின், வகைப்பாட்டில் நெடுங்காலம் பயின்ற இலக்கண மாணவர்க்கும் அதில் பங்கு உண்டு. அன்றியும், அறிவியலைத் தமிழில் எழுதுவார் இவ்விடத்தில் ஒரு சொல்லைக் கையாளும் முறை நம் கருத்திற்கு உரியதே.

2. ‘நீங்கலாக’ என்னும் சொல்

இன்றைய அட்டவணையில் 118 தனிமங்கள் 7 தொடர்களிலும் 18 தொகுதிகளிலும் அமைந்துள்ளன. முதல் தொகுதியில் மேலிருந்து கீழாக ஹைட்ரஜன், லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், பிரான்சியம் என்னும் ஏழும் நிற்கின்றன. ஒரு தொகுதியில் நிற்பன ஓரினம் என்பது அட்டவணையின் அடிப்படைக் கொள்கை. ஆயினும் ‘கார உலோகங்கள்’ என்னும் இனப்பெயர் ஏழனுள் ஆறனுக்கே உரியது. தனி மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 2005இல் வெளியிட்ட பெயரீட்டு நூலும், 1, 2, 13 முதல் 18 வரையுள்ள தொகுதிகளின் தனிமங்களை முதன்மைத் தொகுதித் தனிமங்கள் என வரையறுக்குங்கால் ஹைட்ரஜனை நீக்கியே வரையறுக்கின்றது. நம் பாடநூல்களிலும் ‘ஹைட்ரஜன் நீங்கலாக’ என்னும் தொடர் பயின்று வரக் காண்கின்றோம்.

இச்சொல் சிறிது, அது செய்யும் வேலை பெரிது. இருக்கை தந்து உறவை மறுக்கின்றது அது. முதலில் ஒரு பொருளை ஒரு வரிசையில் நிறுத்திப் பின்னர் அவ்வரிசைக்குரிய செய்தி எதுவும் அதற்குப் பொருந்தாது என்று கூறுவதாயின், அவ்வரிசையில் நிறுத்தியதன் பயன் யாது என மாணவர் வினவுதல் இயல்பே. அதற்கு விடையாகப் பெரும்பாலும் அவர் பெறுவது, ‘அது விதிவிலக்கு’ என்பதே.

இலக்கண நூலார் விலக்கையும் புறனடையையும் வேறாகக் கொண்டனர். விலக்கு, விதி செல்லாத இடத்தைச் சுட்டி நிற்பது. புறனடை, விதியுள் கூறப்படாது எஞ்சியவற்றையும் நூலின் எல்லைக்குள் தழுவிக்கொள்வது. விலக்கு ‘இது அன்று’ என்னும் அளவில் அமையும். புறனடையோ ‘இதனை இவ்வாறு கொள்க’ என்னும். ஹைட்ரஜனுக்கு நம் நூல்கள் தந்திருப்பது விலக்கு. அது வேண்டி நிற்பது புறனடை. இவ்வேறுபாட்டை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

3. முதல் தொகுதியில் இடம்பெற்ற வரலாறு

ஹைட்ரஜன் முதல் தொகுதியைச் சேர்ந்த வரலாறு நேரானதன்று. 1869இல் மெண்டலீவ் வெளியிட்ட முதல் அட்டவணையில் அது லித்தியத்தோடும் சோடியத்தோடும் நிற்கவில்லை. செம்பு, வெள்ளி, பாதரசம் ஆகியவற்றின் வரியில் நின்றது. 1871இல் அவர் எட்டுத் தொகுதிகளாகத் திருத்தி அமைத்தபொழுது, ஹைட்ரஜன் முதல் தொகுதியின் தலைப்பில், தன் தொடரில் வேறு துணையின்றி, வைக்கப்பட்டது. ஒருவரே இரண்டாண்டு இடைவெளியில் இருவேறு இடம் தந்தார் என்பது நினைவிற்கு உரியது.

இவ்விடத்திற்கு ஆதாரமாக நின்ற கருத்து அதனினும் பழையது. 1838இல் லீபிக், உலோகத்தால் பெயர்த்தற்குரிய ஹைட்ரஜனை உடைய சேர்மமே அமிலம் என வரையறுத்தார். உலோகம் வந்து அமரும் இருக்கையில் முன்னர் அமர்ந்திருந்தது ஹைட்ரஜன். ஆகவே அதுவும் ஓர் உலோகத்தின் தன்மையது என்று கருத இடம் உண்டாயிற்று. பல்லேடியம் என்னும் உலோகம் தன் பருமனைப்போல் பன்னூறு மடங்கு ஹைட்ரஜனை உட்கொள்ளுதலைக் கண்ட தாமஸ் கிரகாம், 1860களின் இறுதியில், ஹைட்ரஜன் வளி உருவில் உள்ள ஓர் உலோகமே எனத் துணிந்து, அதற்கு உலோகப் பெயர்களின் ஈறு சேர்த்து ‘ஹைட்ரஜீனியம்’ எனப் பெயரும் இட்டார். 1898இல் ஜேம்ஸ் டூவர் அதனை நீர்மமாக்கினார். மறு ஆண்டு திண்மமாகவும் ஆக்கினார். அங்குத் தோன்றியது உலோக ஒளி அன்று. நிறமற்ற, ஒளி ஊடுருவும் பொருளே.

பின்னர் 1935இல் விக்னரும் ஹண்டிங்டனும், பேரழுத்தத்தின்கீழ் ஹைட்ரஜன் உலோகமாதல் கூடும் எனக் கணித்தனர். அவர்கள் கருதிய அழுத்தம் 25 ஜிகாபாஸ்கல். பிற்கால ஆய்வுகள் அதனினும் பன்மடங்கு அழுத்தம் வேண்டும் எனக் காட்டின. 2020இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் 425 ஜிகாபாஸ்கல் அளவில் உலோகநிலை தோன்றுவதற்கான சான்று கண்டதாக வெளியிட்டனர். இதனைக் கொண்டு முதல் தொகுதியே ஹைட்ரஜனின் பிறப்பிடம் என்பார் உளர். அது பொருந்தாது. உப்பீனிகளுள் ஒன்றாகிய அயோடினும் பேரழுத்தத்தில் உலோகமாகின்றது. அது பற்றி அயோடினைக் கார உலோகம் என்பார் ஒருவரும் இலர். எனவே அழுத்தத்தால் வரும் உலோகநிலை இவ்வழக்கில் சான்றாகாது என்க.

4. உறவு கூறும் பிற தொகுதிகள்

இனி, ஹைட்ரஜனோடு உறவு கூறும் தொகுதிகளை முறையே நோக்குவாம்.

முதல் தொகுதியின் உரிமை எலக்ட்ரான் அமைப்பினின்றும் பிறக்கின்றது. லித்தியம், சோடியம் முதலியவற்றின் புறக்கூட்டில் ஓர் எலக்ட்ரான் உளது. ஹைட்ரஜனுக்கும் ஒன்றே உளது. ஆயின் அதனைப் பிரித்தெடுக்க வேண்டும் ஆற்றல் ஒரு மோலுக்கு லித்தியத்தில் 520 கிலோஜூலும் சோடியத்தில் 496 கிலோஜூலும் ஆக, ஹைட்ரஜனில் 1312 கிலோஜூல் ஆகின்றது. இது குளோரினுக்குரிய 1251 கிலோஜூலையும் விஞ்சியது. எண்ணிக்கையில் ஒற்றுமையும் இயல்பில் பெருவேற்றுமையும் இருத்தல் இதனால் தெற்றென விளங்கும்.

பதினேழாம் தொகுதியாகிய உப்பீனிகளின் உரிமையும் எளிதாகத் தள்ளத்தக்கதன்று. அவற்றைப்போல ஹைட்ரஜனும் ஈரணு மூலக்கூறாக நிற்கும் அலோகம். ஓர் எலக்ட்ரானை ஏற்றுப் புறக்கூட்டை நிரப்பிக்கொள்ள வல்லது. 1916இல் ஜி. என். லூயிஸ், லித்தியம் ஹைட்ரைடு போன்றவற்றில் ஹைட்ரஜன் எதிர்மின் அயனியாக இருத்தல் வேண்டும் எனக் கருதினார். 1920இல் மோயர்ஸ் லித்தியம் ஹைட்ரைடை உருக்கி மின்னாற்பகுத்தபொழுது, ஹைட்ரஜன் நேர்மின்வாயில் வெளிப்பட்டது. உருகிய உப்பில் குளோரின் வெளிப்படும் வாயும் அதுவே. அமிலக் கரைசலில் எதிர்மின்வாயை நாடும் ஹைட்ரஜன், ஈண்டு எதிர்த்திசையில் செல்கின்றது. எரிக் செரி என்பார், அணு எண்களை மும்மூன்றாக வைத்து நோக்கி, ஹைட்ரஜன் 1, புளூரின் 9, குளோரின் 17 என்பவற்றுள் நடு எண் மற்றை இரண்டன் சராசரியாதலைக் காட்டி இத்தொகுதிக்கு வழக்குரைத்தார். ஆயினும் எலக்ட்ரானை ஏற்குங்கால் வெளிப்படும் ஆற்றல் குளோரினில் 349 கிலோஜூல்; ஹைட்ரஜனில் 73 மட்டுமே. குளோரைடு அயனி நீரில் அமைதியாக இருக்கும். ஹைட்ரைடு அயனியோ நீரைக் கண்ட அளவில் அதனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வளியாக வெளியேறும். எனவே இவ்வுறவும் ஓரளவினதே.

மூன்றாவதாக, 2003இல் குரோனின் என்பார் பதினான்காம் தொகுதியில், கார்பனுக்கு மேல், ஹைட்ரஜனை வைத்தல் தகும் என எழுதினார். புறக்கூடு சரிபாதி நிரம்பியிருத்தல் இரண்டற்கும் ஒக்கும். எலக்ட்ரான் கவர்தன்மை பாலிங் அளவையில் ஹைட்ரஜனுக்கு 2.20, கார்பனுக்கு 2.55, லித்தியத்திற்கோ 0.98, புளூரினுக்கு 3.98. அண்மை எதனோடு என்பது வெளிப்படை. ஆயின் கார்பன் நான்கு பிணைப்புகளைத் தாங்குவது. ஹைட்ரஜன் பொதுவாக ஒன்றனையே தாங்குவது. கார்பன் சங்கிலியாய்ப் படர்ந்து உயிர்ப்பொருள்களின் உடம்பாகின்றது. ஹைட்ரஜனோ அச்சங்கிலியின் ஓரங்களை மூடி நிற்கின்றது.

இம்மூன்றும் ஒருபால் ஆக, அதே 2003இல் கேஸும் அட்கின்ஸும் ஹைட்ரஜனை எத்தொகுதியிலும் சேர்க்காது, அட்டவணையின் தலைப்பில் நடுவே தனியாக வைத்தல் வேண்டும் என்றனர். இதன் நேர்மை பாராட்டத்தக்கது. எனினும் தனியே நிறுத்துதல், அதற்கு உறவே இல்லை என்னும் பொய்ப்பொருளையும் தரும். ஹைட்ரஜனுக்கு உறவு இல்லாமை குறையன்று. உறவு பலவாதலே சிக்கல்.

5. ஹீலியத்தை உடன்வைத்து நோக்கல்

ஹைட்ரஜனை மட்டும் நோக்கின் சிக்கலின் வேர் புலப்படாது. முதல் தொடரில் அதற்கு உள்ள ஒரே துணை ஹீலியம். அதனிடத்தையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

ஹீலியத்தின் புறக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள் உள்ளன. பெரிலியம், மக்னீசியம் ஆகியவற்றின் புறக்கூட்டிலும் இரண்டே. ஹைட்ரஜனை எலக்ட்ரான் எண்ணிக்கை பற்றி லித்தியத்தின் மேல் வைத்தவர், அதே விதிப்படி ஹீலியத்தைப் பெரிலியத்தின் மேல் வைத்திருத்தல் வேண்டும். 1920களின் இறுதியில் சார்லஸ் ஜானே அவ்வாறே ஓர் அட்டவணை அமைத்தார். ஆயினும் பொதுவழக்கில் ஹீலியம் பதினெட்டாம் தொகுதியில், நியானுக்கு மேல், மந்த வளிகளின் தலைப்பில் நிற்கின்றது. காரணம் அதன் இயல்பு: எதனோடும் எளிதில் கூடாமை.

இதன் பொருளை ஊன்றி நோக்குக. முதல் தொடரில் உள்ள தனிமங்கள் இரண்டே. அவ்விரண்டனுள் முன்னது இயல்பைப் புறக்கணித்து அமைப்புப் பற்றி வைக்கப்பட்டது; பின்னது அமைப்பைப் புறக்கணித்து இயல்பு பற்றி வைக்கப்பட்டது. ஒரு நூலின் முதல் நூற்பாவிலேயே இருவேறு விதிகள் ஆளப்பட்டு, அவை வேறு என்பதும் சொல்லப்படாது விடப்பட்டால், உரையாசிரியர் அதனை வாளா விட்டுச் செல்லார். தடையும் விடையும் எழுப்பி, ஆசிரியர் கருத்து இன்னது எனக் காட்டியே செல்வர். அட்டவணைக்கு அத்தகைய உரை இன்றியமையாதது என்பது எம் கருத்து.

6. சிக்கலின் காரணம்

இனி, அவ்வுரையை எம்மால் இயன்ற அளவில் கூறுதும். அட்டவணையின் தொடர்கள் முறையே 2, 8, 8, 18, 18, 32, 32 தனிமங்களை உடையன. இரண்டாம் தொடரில் எட்டு இடங்கள் உள்ளமையின், தொடரின் முதலாவது லித்தியம். புறக்கூடு சரிபாதி நிரம்பியது கார்பன். ஈறாகிய நியானுக்கு அயலாக ஒன்று குறைந்து நிற்பது புளூரின். முதல், பாதி, ஈற்றயல் என்னும் மூன்று நிலைகளும் ஆண்டு மூன்று தனிமங்களிடம் பிரிந்து கிடக்கின்றன. முதல் தொடரிலோ இடம் இரண்டே. ஆண்டு முதலில் நிற்பதும் ஹைட்ரஜன்; சரிபாதி நிரம்பியதும் ஹைட்ரஜன்; ஈற்றயலில் நிற்பதும் ஹைட்ரஜன். மூன்று தொகுதிகள் அதனோடு உறவு கூறுவது இதனால் என்க.

தமிழ் மாணவர்க்கு இந்நிலை புதியதன்று. குற்றியலுகரத்தை ஈற்றயல் எழுத்து நோக்கி வகைப்படுத்துகின்றோம். ‘அரசு’ என்னும் சொல்லில் மொழிமுதல் எழுத்து ‘அ’. ஈற்றயல் எழுத்து ‘ர’. ‘நாடு’ என்னும் சொல்லிலோ ‘நா’ என்பதே மொழிமுதலும் ஆம்; ஈற்றயலும் ஆம். அது முதலா ஈற்றயலா என்று வழக்கிடுவார் யாரும் இலர். முதல் என்பதும் ஈற்றயல் என்பதும் எழுத்தின் குடிப்பெயர்கள் அல்ல, சொல்லில் அது நிற்கும் நிலையின் பெயர்கள் என்பதை அனைவரும் அறிவர். சொல் ஈரெழுத்தினதாயின் இரு நிலையும் ஓரெழுத்தின்கண் கூடுதல் இயல்பு.

இவ்வொப்புமையை எல்லை கடந்து செலுத்தலாகாது. எழுத்தின் நிலை அதன் ஒலியை முற்றும் மாற்றுவதில்லை. தனிமத்தின் நிலையோ அதன் இயல்பைக் காட்டும் என எதிர்பார்க்கின்றோம். அவ்வெதிர்பார்ப்பு ஹைட்ரஜனில் பொய்ப்பதற்கு இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. லித்தியம் தன் புற எலக்ட்ரானை இழப்பின், உட்கூட்டில் இரண்டு எஞ்சி அணுக்கருவைச் சூழ்ந்து நிற்கும். ஹைட்ரஜன் தன் ஒரே எலக்ட்ரானை இழப்பின் எஞ்சுவது அணுக்கரு மட்டுமே. அஃதாவது ஒரு புரோட்டான். அணுவின் அளவில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கினதாகிய அது, நீரில் தனித்து நில்லாது நீர் மூலக்கூற்றைப் பற்றிக்கொள்ளும். அதன் வேதியியல் பிற கார அயனிகளின் வேதியியலோடு ஒவ்வாமைக்கு இதுவே காரணம். உட்கூடு இன்மையும் தொடரின் குறுமையும் கூடியே ஹைட்ரஜனைத் தனித்தன்மையது ஆக்கின.

7. பெயரும் இடமும்

இடத்தில் நேர்ந்தது பெயரிலும் முன்னரே நேர்ந்தது. 1766இல் கேவண்டிஷ் இதனை ‘எரியும் காற்று’ என ஆராய்ந்தார். நீர் தனிப்பொருள் அன்று என்பதை 1783இல் நிறுவிய லவாய்சியர் காலத்தில், 1787இல் வெளிவந்த பெயரீட்டு முறையில், இதற்கு ‘நீரை ஆக்குவது’ என்னும் பொருள்பட ஹைட்ரஜன் என்றும், அதன் துணைக்கு ‘அமிலத்தை ஆக்குவது’ என்னும் பொருள்பட ஆக்சிஜன் என்றும் பெயர்கள் அமைந்தன. 1810இல் டேவி, குளோரின் ஒரு தனிமம் எனக் காட்டியதன் வழி, ஆக்சிஜன் இல்லாத அமிலமும் உண்டு என்பது தெளிவாயிற்று. பின்னர் அமிலத்தன்மை ஹைட்ரஜனோடு இயைத்துக் கூறப்பட்டது. நீரை ஆக்குவதில் இரண்டற்கும் பங்கு உண்டு. நிறையில் நோக்கின் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆக்சிஜனே. ஓர் இயல்பு பற்றி இட்ட காரணப்பெயர் பொருளின் முழு இயல்பையும் காட்டாது என்பதற்கு இவ்விரு பெயரும் சான்று.

தமிழில் இத்தனிமத்தை ஹைட்ரஜன் என ஒலிபெயர்த்தும், இலங்கைப் பாடநூல்களில் ஐதரசன் எனத் தமிழ் மரபிற்கேற்பத் திரித்தும், நீரகம் என மொழிபெயர்த்தும் வழங்குகின்றனர். செருமானியரும் உருசியரும் ‘நீர்’ என்னும் பொருளுடைய தத்தம் சொல்லைக் கொண்டே பெயர் ஆக்கியுள்ளனர் ஆதலின், நீரகம் என்பதைக் குறைகூற இடமில்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. கிரேக்கம் அறியாத தமிழ் மாணவர்க்கு ஹைட்ரஜன் என்பதும் ஐதரசன் என்பதும் இடுகுறியாகவே நிற்கும். நீரகம் என்பது காரணப்பெயராய், நீரோடு உள்ள ஓருறவையே முன்னிறுத்தும். அப்பெயரை ஆள்வார், அதனைக் காரணம் கருதிய இடுகுறியாகக் கொள்க என ஓரிடத்தேனும் குறித்தல் நன்று. ‘வளி’ என்னும் ஈறு சேர்த்தலோ முற்றும் தவிர்க்கத்தக்கது. நீரிலும் சர்க்கரையிலும் உள்ள ஹைட்ரஜன் வளி அன்று.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் ஹைட்ரஜனின் இடம் பற்றிய வழக்கு, ஓரட்டவணையை நோக்கி இரு வினாக்களை எழுப்பியதால் வந்தது என்பது போதரும். ‘அணுவின் அமைப்பு யாது’ என்பது ஒரு வினா. ‘பொருளின் நடத்தை யாது’ என்பது மற்றொன்று. பெரும்பாலான தனிமங்களில் இரண்டு வினாவிற்கும் விடை ஒன்றாக வந்தமையின், வினா இரண்டு என்பதே மறக்கப்பட்டது. ஹைட்ரஜன் அதனை நினைவூட்டுகின்றது. ஹீலியமும் உடன் நினைவூட்டுகின்றது.

அணு எண் ஒன்றாகிய ஹைட்ரஜனை முதல் தொகுதியின் தலைப்பில் வைக்கும் பொதுவழக்கை மாற்ற வேண்டும் என்பது எம் துணிபு அன்று. பிற இடங்களுக்கும் இதே அளவிற்குக் குறை உண்டு. யாம் வேண்டுவது, அவ்விடம் எவ்விதி பற்றித் தரப்பட்டது என்பதையும், அதே விதி ஹீலியத்திற்கு ஆளப்படவில்லை என்பதையும், தமிழ்ப் பாடநூல்கள் இரண்டொரு தொடரில் கூறுதல் வேண்டும் என்பதே. ‘நீங்கலாக’ என்னும் ஒரு சொல்லால் இதனைக் கடந்து செல்லின், உலோக வரிசையின் மேல் வளி ஒன்று நிற்பது ஏன் எனக் கேட்ட மாணவர், தம் வினாவே பிழை என எண்ணி அடங்குவர். அவர் கேட்டது பிழையன்று. வேதியியலார் பல தலைமுறையாகக் கேட்டு வரும் வினாவே அது. அதனை அவர்க்கு மறைத்தல், மனப்பாடத்தைக் கொடுத்து ஆராய்ச்சியைப் பறித்தலாகும்.

நம் முன்னோர் இலக்கணம் வகுத்தபொழுது, விதிக்கு அடங்காதவற்றை நூலின் புறத்தே எறியாது புறனடையால் தழுவிக்கொண்டனர். அறிவியலைத் தமிழில் எழுதுவார் ஹைட்ரஜனுக்கும் அத்தகைய புறனடை ஒன்றனை எழுதிச் சேர்த்தல் வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபு.